இரண்டு மில்லிமீட்டர் நீண்ட வாக்குத்தத்தம்

அன்பும் கோபமும் இன்னும் பிரியாமல் கிடக்கிற அப்பாவுக்கு,

நேற்று உங்கள் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. சபையில் நாற்காலி போதவில்லை. தொழிற்சாலையில் உங்களோடு வேலை பார்த்த ஏழுமலை மாமா கடைசி வரிசையில், கழற்றிய செருப்பை நாற்காலிக்கு அடியில் பத்திரப்படுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பிரியாணி குழையவில்லை. நீங்கள் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உங்களைப் பற்றி நான் வாசிக்க வேண்டிய சாட்சியை வாசிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த விஷயங்களும் இதில் வரும். தெரிந்தவைதானா என்பதிலேயே எனக்கு இப்போது சந்தேகம்.

மூன்று வாரங்களுக்கு முன் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். உங்கள் நாற்காலியில் அவர் உட்காரவில்லை. அது வரைக்கும் நல்ல மனிதர்.

"நீ படிச்ச பொண்ணு ஷீபா. அப்பாவ பத்தி நீயே சாட்சி சொல்லிடும்மா. வாக்குத்தத்தத்த கெட்டியா புடிச்சிகினே கண்ண மூடினாருன்னு சொல்லு. சபைல நெறைய பேருக்கு பெலனா இருக்கும்."

சரி என்றேன். அவர் படி இறங்கிப் போனபின் யோசித்தேன். செத்துப்போன ஒருவர் எப்படி பெலன் ஆகிறார்? எந்தப் பகுதியைச் சொல்லி, எந்தப் பகுதியை விட்டால்?

*

போன வருடத்துக்கு முந்தின வருடம் தீபாவளி சமயம் உங்கள் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள். ஒரு வருடத்துக்கு ஒருநாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் தலையாட்டினீர்கள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டீர்கள். லேசாக இடித்தாலும் கையில் ஊதா நிறத் திட்டு வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. நான் சாகப்போறேன் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் புதுச் சட்டை வேண்டாம் என்றீர்கள்.

பிறகு புத்தாண்டு காலை. ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் சபையின் வழக்கம். தாளில் வரிசையாக அச்சடித்து வரும் வசனங்களை, வருடத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்து, பெண்கள் அட்டையட்டையாக வெட்டுவார்கள். அந்த வருடம் நம் வீட்டு முறை. நீங்கள் கத்தரியோடு உதவிக்கு வந்தீர்கள். "அண்ணன் வந்தா ஒரு அட்டைக்கு ஒரு மணி நேரம் ஆவும், அடுத்த நியூ இயர்தான்" என்று விரட்டிவிட்டார்கள். தொழிற்சாலையில் முப்பது வருடம் உதிரிபாகங்களை அளந்து செக்கிங் பார்த்த ஆளை.

பிஸ்கட் டின்னில் அட்டைகளை நிறுத்தி அடுக்கி, வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். கண்ணை மூடி, ஜெபித்து, விரலால் தடவி ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருப்பது அந்த வருடம் முழுக்கத் தேவன் உங்களிடம் பேசும் வார்த்தை. யாரிடம் முதலில் சொல்லப்பட்டது, எதற்காக, அடுத்த வரி என்ன என்று யாரும் கேட்பதில்லை. லேமினேட் செய்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டுவோம். போன் கவருக்குள் வைப்போம். எனக்கு ஒரு வருடம் மலடிக்குக் குழந்தை பிறக்கும் வசனம் வந்தது. அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எவ்வளவு சிரித்தீர்கள்.

நம் வரிசைக்கு டின்னைக் கொண்டுவந்தது அம்மா.

உங்கள் அட்டையில் வந்தது வியாதிப்பட்ட ஒரு ராஜாவின் கதையிலிருந்து ஒரு துண்டு. அவன் ஆயுசோடு பதினைந்து வருடம் கூட்டித் தருவதாகத் தேவன் சொல்வது. நீங்கள் அங்கேயே அழுதீர்கள். வெளியே வந்து செருப்பு தேடும்போது விரலை மடக்கிக் கணக்குப் போட்டீர்கள். "எழுவத்தி மூணு வரைக்கும் இருப்பேன் ஷீபா." அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள். புதுச் சட்டை எடுக்கலாமா என்று கேட்டீர்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் மாத்திரையை நிறுத்தினீர்கள். கேட்டால், "வாங்கிகினேன், வெச்சிகினு கீறேன், முழுங்கல. அவ்ளோதான்" என்று சிரித்தீர்கள். நான் கத்தினேன். பாஸ்டரிடம் போனேன். "நான் நிறுத்தச் சொல்லலையேம்மா, அது அவரோட விசுவாசம்" என்றார். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் உங்கள் கட்சி என்று நினைத்தேன்.

ஆடியில் ஒரு காலை, ஷேவ் செய்துகொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. மாத்திரையை விட்டதால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். இருக்கலாம் என்றார். அந்த 'லாம்' என்னோடேயே இருக்கிறது.

*

பாஸ்டர் வந்துபோன மறுநாள், ஆபீஸ் முடிந்து வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் தலைவலித் தைலம் வாங்கினேன். கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா, அம்மா ஊர்ல இல்லியா? ரெண்டு மாசமா சுகர் மாத்திரைக்கு வர்லியே."

அம்மா ஊரில்தான் இருக்கிறாள். தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள். அதை வெயில் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய இந்த வருட அட்டையைத் தேடினேன். நம் வீட்டில் ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் முதலில் வசனத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு வந்திருந்தது ஒலிவமரக் கன்றுகளைப் பற்றியது. அதில் சுகம் இல்லை, ஆயுசு இல்லை. அப்படியானால் ஏன்? பழைய அட்டைகளையெல்லாம் எடுத்தேன். அவள் எதையும் தூக்கிப்போடுவதில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் வருடவாரியாக இருந்தன. அந்த வருடத்து அட்டைகள் மூன்று. என்னுடையது, அவளுடையது, உங்கள் போன் கவரிலிருந்து நாங்கள் எடுத்துவைத்தது. மேசையில் தட்டிச் சேர்த்தேன்.

ஒன்று மட்டும் தலை நீட்டியது.

கையால் வெட்டியது, பிசகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உங்கள் வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த படிப்பே இதுதான்: ஒரு எழுத்தைப் படித்தால், இதை யார் எழுதினார்கள், யாருக்கு லாபம், எதை மறைக்கிறது என்று கேட்பது. நீங்கள் கிண்டல் செய்வீர்கள், காசு கட்டி ஓட்டை தேடக் கத்துகினு வந்திருக்கிறா என்று. அதே மூச்சில், எங்க டிபார்ட்மெண்டும் அதானே என்பீர்கள். அளந்தேன். மற்ற இரண்டும் எழுபது மில்லிமீட்டர். உங்களுடையது எழுபத்திரண்டு.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்பாவோட அட்டை ஏம்மா பெருசா கீது?"

"கத்திரில வெட்னது. அப்டி இப்டிதான் இருக்கும்."

"மத்த ரெண்டும் ஒரே அளவா கீதே."

"அந்த ஆளு போயும் இந்த ஊட்ல செக்கிங் நிக்கல பாரு."

சிரித்திருக்க வேண்டிய இடம். அவள் சிரிக்கவில்லை. தண்டுகளை ஒரு பக்கம், இலைகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். பிறகு இரண்டையும் கலந்தாள்.

"நான்தான்" என்றாள்.

தாளில் அந்த வசனத்தைப் பார்த்திருக்கிறாள். ஓரத்தில் கொஞ்சம் விட்டு வெட்டி, தனியே எடுத்துவைத்திருக்கிறாள். நம் வரிசை வந்ததும் டின்னுக்குள் செருகி, விரலில் தட்டுகிற மாதிரி உங்களிடம் நீட்டியிருக்கிறாள்.

"சொவத்த பாத்துகினு படுத்துனு இருந்தாருடி. ஒரு வார்த்தை கெடச்சா எழுந்து உக்காருவாருன்னு நெனச்சேன். எழுந்து உக்காந்தாரா இல்லியா? நீயே பாத்த இல்ல? மாத்திரைய நிறுத்துவாருன்னு நான் எங்க கண்டேன்."

"நிறுத்துனப்ப சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு? கர்த்தர் ஒண்ணும் பேசலைங்க, நான்தான் பேசுனேன்னா? அப்பவே செத்துருப்பாரு."

மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். மறைக்கவில்லை. "அவர மாத்திரை இல்லாம அனுப்பிட்டு நான் மட்டும் மூணு வேளை முழுங்கினு இருக்கணுமா? சபைல சொல்லணும் ஷீபா. சொல்லாம என் தொண்டைல அது எறங்காது." சொல்லேன் என்றேன். "வாய் வரல" என்றாள்.

இப்படி நின்றது விஷயம். சொன்னால்தான் மாத்திரை. சொல்ல முடியாது. மூன்று வாரத்தில் சபையே கூடி உங்கள் விசுவாசத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லப்போகிறது. அதை மைக்கில் வாசிக்கப்போவது நான். அவளுடைய பாதத்தில் செருப்புக் கடி ஒன்று ஆறாமல் இருந்தது. கிளினிக்குக்கு அழைத்தேன். வரமாட்டேன் என்று அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

*

அதற்குப் பிறகுதான் அந்த ராஜாவின் கதை வரும் அதிகாரத்தை முழுக்கப் படித்தேன். உங்கள் பைபிளில். அந்த ஒரு வசனத்தின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு. மேலும் கீழும் வெள்ளை.

தீர்க்கதரிசி முதலில் வந்து, நீ பிழைக்கமாட்டாய் என்கிறான். ராஜா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுகிறான். உங்களைப் போலவே. அந்த இடத்தில் பைபிளை மூடிவிட்டேன். மறுநாள்தான் திறக்க முடிந்தது. பதினைந்து வருடம் என்று வாக்கு வருகிறது. அடுத்த வரியிலேயே, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறான் அதே தீர்க்கதரிசி. கட்டியின் மேல் வைத்துப் பற்றுப் போடுகிறார்கள். பிழைக்கிறான்.

அப்பா, உங்கள் அட்டைக்குக் கீழே மருந்து இருந்தது. ஒரு வரி தள்ளி.

கத்த வேண்டும்போல இருந்தது. உடனே இன்னொரு சந்தேகம். எனக்கு மருந்து வேண்டும், அதனால் மருந்து கண்ணில் பட்டது. அத்திப்பழத்தால் பிழைத்தான் என்று அங்கே எழுதியிருக்கிறதா? வாக்கால் பிழைத்தான் என்றும் எழுதவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். கிடைத்த பதினைந்து வருடத்தில் அந்த ராஜா வேறு நாட்டுத் தூதர்களுக்கு அரண்மனைப் பொக்கிஷத்தையெல்லாம் காட்டிப் பெருமைப்படுகிறான். பின்னால் உன் பிள்ளைகள் சிறைப்பட்டுப் போவார்கள் என்று தீர்க்கதரிசி சொன்னால், என் காலம் நிம்மதியாகப் போனால் சரி என்கிற மாதிரி பதில் சொல்கிறான். இதை ஏன் ஒரு வருடமும் அட்டையில் அடிப்பதில்லை?

முழு அதிகாரத்தையும் படித்தால் உண்மை கிடைக்கும் என்று நம்பித்தான் திறந்தேன். கிடைத்தது கேள்விகள். ஆனால் மருந்தை விடச் சொல்லும் வரி எதுவும் அதில் இல்லை. அவ்வளவை என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியும்.

*

ஏழுமலை மாமாவை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பிடித்தேன். நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று தெரிய வேண்டியிருந்தது.

"அட்டையா? என்னான்ட காட்டிகினேதான் இருந்தான். நான் கேட்டேன், இன்னா மாமே, அது ராஜாவுக்கு வந்த லெட்டரு. நீ எதுக்கு பிரிச்சி படிச்சிகினு கீறன்னு."

"அதுக்கு அப்பா?"

"அது எப்டி, எங்க ஊட்டாண்ட வந்து போட்டாங்களேன்னான். அட்ரஸ் மாறி போட்ருப்பான் போஸ்ட்மேன்னு நான் சொன்னேன். சிரிச்சான். போஸ்ட்மேன் நம்ம ஊட்டு ஆளு மாமே, மனசு நோவக்கூடாதுன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. உங்க ஆளுங்க பேச்சு பாதி எனக்கு எப்பவுமே புரியாது."

டீ ஆறிப்போனது.

கண்ணை மூடிக்கொண்டு, விரலால் ஒரு விளிம்பைத் தடவி, இது ரிஜெக்ட் என்று ஒதுக்கிய மனிதர் நீங்கள். அந்த விரலுக்கு இரண்டு மில்லிமீட்டர் தெரியாமல் போயிருக்குமா? தெரிந்தால், அந்த அழுகை எதற்கு? தேவன் பேசினார் என்றா, இவள் இவ்வளவு பயந்திருக்கிறாளே என்றா? அவளுக்காக எழுந்து உட்கார்ந்தீர்களா? அப்படியென்றால் மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்? ஊதாத் திட்டும் அசதியும் பிடிக்காமல் நிறுத்த ஒரு சாக்கு வேண்டியிருந்ததா? சாக்காக ஒரு வசனம், அதுவும் அவள் கையால் வந்தது.

உங்களையும் நான் சந்தேகப்படுகிறேன் அப்பா. மன்னிப்புக் கேட்கவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஆறுதலா, இன்னொரு பாரமா என்று எனக்கு அளக்கத் தெரியவில்லை.

*

நேற்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். சாட்சி எழுதிய தாளை வீட்டிலேயே விட்டிருந்தேன். உங்கள் பைபிளைக் கொண்டுபோய், அப்பாவுக்கு வந்த வாக்குத்தத்தம் இருக்கிற அதிகாரத்தை முழுசாக வாசிக்கிறேன் என்றேன். பாஸ்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அத்திப்பழம் வந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். இன்னும் ஒரு முறை வாசித்தேன்.

அம்மா எழுந்தாள்.

மைக் வேண்டாம் என்று கை காட்டினாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "அந்த அட்ட கர்த்தர் குடுக்கல. நான் குடுத்தேன். நீளமா வெட்டி, அவர் கைக்கு தட்ற மாதிரி நான்தான் சொருவினேன். அத நம்பி மாத்திரைய விட்டாரு. வாய மூடிகினு இருந்தேன். இதான் சாட்சி."

யாரோ பழக்கதோஷத்தில் ஆமென் என்றார்கள். ஜெபம் தொடங்கிவிட்டது என்று நினைத்து, கீபோர்டுக்காரர் மெதுவாக ஒரு ராகத்தை ஆரம்பித்தார். பாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு வியர்த்திருந்தது. ஆனாலும் அவர் நல்ல மனிதர், நல்ல வார்த்தைதான் தேடினார்.

"கலங்காதீங்க சிஸ்டர். உங்க கையையும் கர்த்தர்தானே உபயோகிச்சிருப்பாரு."

எனக்கு எரிந்தது. எதைப் போட்டாலும் ஜீரணிக்கிற வயிறு இவர்கள் விசுவாசத்துக்கு என்று நினைத்தேன். அம்மா உட்காரவில்லை.

"அப்டி சொல்லாதீங்க ஐயா. அப்பறம் அவர் செத்ததுகூட கர்த்தர் வேலைன்னு ஆவும். நான் செஞ்சத நான் செஞ்சேன்னே இருக்கட்டும். கர்த்தர் மேல போடாதீங்க."

இத்தனை வருடம் நான் படித்த எந்த வகுப்பிலும் இப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை. தேவனைக் காப்பாற்றினாளா, தன்னை ஒப்புக்கொடுத்தாளா, இரண்டும் ஒன்றுதானா என்று தெரியவில்லை. பாஸ்டர் "ஜெபிப்போம்" என்று மட்டும் சொன்னார். ஆனால் வார்த்தை இல்லாமலே ரொம்ப நேரம் நின்றார். அவரை முதல் முறையாக நம்பினேன்.

சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு பேர் அம்மாவிடம் பேசாமல் எழுந்து போனார்கள். ஒரு அக்கா கட்டிப்பிடித்து அழுதார். அவர் வீட்டிலும் ஏதோ ஒரு அட்டை இருக்கும் என்று தோன்றியது. ஏழுமலை மாமா இலையை மடித்துவிட்டு வந்து, "அண்ணி, அவனுக்கு உங்க மேல கோவம் இருந்திருக்காது. எனக்கு தெரியும்" என்றார். எப்படித் தெரியும் என்று அம்மா கேட்கவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்திப்பழத்தை இரண்டாம் முறை வாசித்தது தவறிப்போய் அல்ல. அவள் எழுந்திருக்க வேண்டும் என்றுதான் வாசித்தேன். அவள் விரலில் தட்டுகிற மாதிரி நானும் ஒன்றை நீட்டினேன். நல்லதற்காக என்றுதான் அவளும் சொன்னாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவைத்திருந்த சுகர் மாத்திரை அட்டையை உடைத்து ஒன்றை உள்ளங்கையில் வைத்தேன். தண்ணீரோடு விழுங்கினாள்.

"ஆ காட்டு" என்றேன்.

"இன்னாடி போலீசா நீ?"

"காட்டும்மா."

வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். கன்னத்தின் ஓரம் விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடித்துவிடுவதுபோல் பல்லைக் காட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே அழுதாள். இன்று காலையும் விழுங்கினாள். பாதத்தைக் காட்ட நாளை கிளினிக்குக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். வருவாளா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அட்டையில் அச்சடித்தது அல்ல, அதனால் மீறினால் கேட்கலாம். அட்டை விஷயம் உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்கிற கேள்வியை அம்மாவிடம் என்றும் ஆயுதமாக எடுக்கமாட்டேன். அவளே கேட்கும் நாளில், ஏழுமலை மாமா சொன்னதை முன்னும் பின்னும் வெட்டாமல், என் விளக்கம் எதுவும் சேர்க்காமல், அப்படியே சொல்வேன். அதற்கு என்ன அர்த்தம் என்பதை அவள் முடிவு செய்துகொள்ளட்டும். உங்களோடு இருபத்தெட்டு வருடம் வாழ்ந்தவள் அவள்.

உங்களை முழுசாகப் படித்து முடிக்காத மகள்,
ஷீபா